பட்டறைக்குச் சேர்க்கும் பணமும் நடுவில் வரும் வண்டிச் செலவும்

கேள்வி இதுதான்: வீட்டை ஒட்டிச் சொந்தப் பட்டறை கட்ட மாதாமாதம் பணம் சேர்க்கிறீர்கள். பாதி சேர்ந்த நேரத்தில் கார் சூடேறி வழியில் நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதியான பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், இன்ஜினைத் திறக்கணும் என்கிறார் மெக்கானிக். திறப்பதோடு திறப்பதாக டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச், முன் பிரேக், நாலு டயர் என்று ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறார். எல்லாம் செய்தால் சேமிப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும். சேமிப்பை உடைப்பதா, வண்டியை ஓரங்கட்டுவதா, எதைத் தள்ளிப்போடலாம்?

இன்ஜினைத் திறக்க இன்னும் சம்மதிக்காதீர்கள். "போயிருக்கும்" என்பது ஊகம். கேஸ்கெட் சின்னப் பொருள். ஹெட்டைக் கழற்றி மாட்டும் கூலிதான் பெரிது. ஊகத்தை நம்பி அந்தக் கூலியைக் கொடுத்துவிட்டு, கடைசியில் ரேடியேட்டர் ஃபேனுக்கு மின்சாரம் விடும் சின்ன ஸ்விட்சான ரிலேதான் காரணம் என்று தெரிந்தால் போன பணம் திரும்பாது. மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதை வைத்து உறுதி செய்தீர்கள்?" சோதனையின் பெயரைச் சொன்னால் நல்லது. "பார்த்தாலே தெரியுது" என்றால், சோதித்துப் பார்ப்பதற்கு மட்டும் தனிக் கூலி கொடுத்து வேறு ஒருவரிடம் காட்டுங்கள்.

வண்டி எப்போது சூடேறியது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நெரிசலில் நின்று நின்று போகும்போது மட்டும் சூடேறி, வேகம் எடுத்ததும் வெப்பமானி முள் இறங்கினால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். நெடுஞ்சாலையில் ஓட ஓடச் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, சூடேறியதும் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு முழுதாகத் திறக்காதது, வாட்டர் பம்ப் சரியாகத் தள்ளாதது ஆகியவற்றைப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) கல் மாதிரி இறுகினால்தான் கேஸ்கெட் பேச்சுக்கு வருகிறது. தண்ணீர் சூடாகி விரியுமுன்பே அழுத்தம் ஏறுகிறது என்றால் அது எரியறையிலிருந்து வரும் வாயுவாகத்தான் இருக்கும்.

சோதனையை இன்ஜின் முழுதாக ஆறியபின் தொடங்குங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருப்பதால்தான் உள்ளே 100 டிகிரிக்கு மேலும் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அது ஆவியாகப் பீய்ச்சி முகத்தை வேகவைத்துவிடும். ஆறியதும் கூலண்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கே போனது என்று தேடுங்கள். காய்ந்த கூலண்ட் வெள்ளையாகவோ, தன் நிறத்திலேயோ பொருக்குத் தட்டி நிற்கும். ஹோஸ் கிளிப்புகளின் அடி, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளை, இந்த மூன்று இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பம்பின் சீல் கெட்டால் அந்தத் துளை வழியாகத்தான் கசியும். அதற்காகவே வைத்த துளை அது.

அடுத்து ஃபேன். வண்டியை நிறுத்தியபடி ஓடவிட்டு, முள் வழக்கமான இடத்தைத் தாண்டும்போது ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது என்ற வரிசையில் போங்கள். முள் மேலே இருக்க, மேல் ஹோஸ் மட்டும் ஆறியே இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். அதைக் கழற்றி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் திறக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். எத்தனை டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும் என்பது அதன் மேலேயே பொறித்திருக்கும். பெரும்பாலும் 82 முதல் 90 வரை ஏதோ ஓர் எண்.

இவை தேறிய பிறகுதான் கேஸ்கெட் சோதனை. கைப்பம்பால் கூலிங் சிஸ்டத்தில் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை காற்றேற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் பம்பின் அழுத்த முள் இறங்கினால் கூலண்ட் உள்ளே போகிறது. இன்னொன்று, ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவக் குழாய். இன்ஜின் ஓடும்போது கூலண்டுக்கு மேலுள்ள காற்றை அதன் வழியாக இழுத்தால், எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஆயில் மூடியின் அடியில் பால்போன்ற படலம் இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். குளிர்காலத்தில் குறுந்தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரம் சேர்ந்தும் அது வரும். ஆயில் குச்சியிலும் பால் நிறம், ஆயில் அளவு ஏறியிருக்கிறது என்றால் அது வேறு. அந்த வண்டியை ஓட்டவே கூடாது. கூலண்ட் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

கேஸ்கெட்தான் என்று உறுதியானால் வேலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். இதில் மிச்சம் பிடித்த பணம்தான் பிறகு வட்டியோடு போகும். சூடேறிய ஹெட் வளைந்திருக்கலாம். நேர்விளிம்புப் பட்டையை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பல இன்ஜின்களுக்கு 0.05 மி.மீ. அளவே வரம்பு, உங்கள் இன்ஜினுக்கான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். லேத்துக்கு அனுப்பி விரிசல் சோதனையும் செய்து, வளைவிருந்தால் ஃபேஸிங் (பரப்பைச் செதுக்கிச் சமப்படுத்துவது) செய்ய வேண்டும். ஹெட் போல்ட்டுகள் ஒரு தடவை இழுபடும் வகையென்றால் புதிதுதான் போட வேண்டும். பழையதையே முடுக்கினால் பிடிப்பு போதாமல் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே மறுபடி கசியும். பிளாக்கின் மேற்பரப்பைச் சுழலும் உப்புத்தாள் வட்டால் தேய்க்க விடாதீர்கள். அந்தத் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கை அரிக்கும். போல்ட் துளைக்குள் ஆயிலோ கூலண்டோ தேங்கியிருந்தால் ஒற்றி எடுக்க வேண்டும். இல்லையென்றால் முடுக்கும்போது திரவம் வெளியேற வழியின்றிப் பிளாக்கையே விரிசல் விடச் செய்யும். முடுக்குவது நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல சுற்றுகளில். இதோடு, வண்டி முதலில் ஏன் சூடேறியது என்பதற்கும் விடை கிடைத்திருக்க வேண்டும். கேஸ்கெட் போனது விளைவு. காரணம் அப்படியே இருந்தால் புதுக் கேஸ்கெட்டும் போகும்.

இனி மெக்கானிக் கொடுத்த பட்டியல். அதில் டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் இப்போதே மாற்றுங்கள். பெல்ட் உள்ள இன்ஜினில் ஹெட்டைக் கழற்ற எப்படியும் பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும். கூடுதல் கூலி ஏறத்தாழ இல்லை. பெல்ட்டைக் குறிப்பிட்ட தூரம் அல்லது குறிப்பிட்ட வருடம், இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பருக்கு வயதாகிறது. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வுகளை முட்டி வளைத்துவிடும். பிறகு நீங்கள் இப்போது செய்யும் இதே வேலையை வால்வு செலவோடு சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும்.

கிளட்ச்சை இதோடு சேர்க்க வேண்டியதில்லை. அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்; ஹெட் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கூலியில் சேமிப்பும் இல்லை. ஒரு மேட்டில் மேல் கியரில் நன்றாக மிதித்துப் பாருங்கள். இன்ஜின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் வழுக்குகிறது. வழுக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். மாற்றும் நாள் வரும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றி, கிராங்கின் பின்பக்க ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் சீல் அற்பமான பொருள். ஆனால் அதற்காகவே கியர்பாக்ஸை மறுபடி இறக்க நேர்ந்தால் முழுக் கூலியும் மறுபடி.

பிரேக்கையும் டயரையும் அளந்து முடிவு செய்யுங்கள். பிரேக் பேட் 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றுங்கள். டயர் பள்ளத்தின் ஆழம் புதிதில் சுமார் 8 மி.மீ.; பல நாடுகளில் சட்ட வரம்பு 1.6. பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஆழம் இருந்தும் ரப்பரில் வெடிப்பு விழுந்திருந்தால் அந்த டயர் முடிந்தது.

பொதுவாக எந்தப் பட்டியல் வந்தாலும் இப்படிப் பிரிக்கலாம். நிற்பது, திரும்புவது, சாலையைப் பிடிப்பது சம்பந்தப்பட்டதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அடுத்தது, விட்டால் வளரும் கோளாறுகள். முன்சக்கர அச்சு மூட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் இன்று உறையும் கிரீஸும் மட்டும்தான் செலவு. மண் உள்ளே போய், திருப்பும்போது "டக் டக்" என்று சத்தம் வந்துவிட்டால் மூட்டே போச்சு. பெல்ட் மேல் சொட்டும் ஆயில் கசிவு, ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் அடித்தபடியே ஓட்டுவது இதெல்லாம் இதே இனம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் போய் எரிந்து புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை உருக்கிவிடும். மிச்சமுள்ளவை இருந்த இடத்திலேயே இருக்கும்: ஏறாத கண்ணாடி, ஏசி குறைவு, நசுங்கல், வெப்பத் தகட்டின் கடகட சத்தம், வால்வு கவரில் மெல்லிய ஈரம். இவை பட்டறை முடிந்தபின் அங்கேயே செய்துகொள்ள வேண்டிய வேலைகள்.

இப்போது பணம். இந்தச் செலவு எதிர்பாராதது என்று தோன்றுகிறது, ஆனால் பெரும்பகுதி நாள் குறிக்காத செலவு, அவ்வளவுதான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் மாதம் சேர்க்கும் பணத்தை 100 பங்கு என்றும், மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். டயர் 36,000 கி.மீ. ஓடி 8 மி.மீ.யிலிருந்து 4.4க்கு வந்திருக்கிறது, அதாவது 10,000 கி.மீ.க்கு 1 மி.மீ. தேய்மானம். மழைக்காக 2.4 மி.மீ.யிலேயே மாற்றுவதென்றால் மீதம் 20,000 கி.மீ., 20 மாதம். நாலு டயர் 240 பங்கு என்றால் மாதம் 12. பேட்டரி 40 பங்கு, இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்றால் மாதம் 3.3. முன் டிஸ்க்கும் பேடும் 60 பங்கு, பத்து மாதத்தில் என்றால் 6. ஆயில், ஃபில்டர் வருடத்துக்கு 48 என்றால் மாதம் 4. பிரேக் ஆயிலும் கூலண்டும் இரண்டு வருடத்துக்கு 24 என்றால் 1. அடுத்த டைமிங் பெல்ட் 90,000 கி.மீ.யில், 180 பங்கு என்றால் 2. கிளட்ச் 150 பங்கு, இரண்டரை வருடத்தில் என்று வைத்தால் 5. கூட்டினால் 33.3.

நூறில் மூன்றில் ஒரு பங்கு ஒரு நாளும் பட்டறையின் பணமாக இருந்ததில்லை. பட்டறைக்கு 2,400 பங்கு தேவையென்றால், 24 மாதத்தில் முடியும் என்று போட்ட கணக்கு ஆரம்பத்திலேயே தவறு, மாதம் 66.7 என்று பார்த்தால் 36 மாதம். இதை இன்றே ஏற்றுக்கொண்டால் ஒவ்வொரு சர்வீஸும் சேமிப்பில் விழும் அடியாகத் தோன்றாது. அந்த 33 பங்கை வேறு கணக்கில் போடுங்கள். ஒரே கணக்கில் இருந்தால் மனம் முழுத் தொகையையும் பட்டறையாகவே பார்க்கும். பிறகு பேட் மாற்றக்கூடக் கை வராது. தள்ளிப்போட்ட பேட் டிஸ்க்கையும் சேர்த்துக் கெடுப்பது இப்படித்தான்.

உண்மையிலேயே சொல்லாமல் வருபவையும் உண்டு: ஸ்டார்ட்டர், ஃபியூவல் பம்ப், சாலைப் பள்ளத்தில் வளைந்த டிஸ்க் வீல். இவற்றுக்கு ஒரு கிளட்ச் வேலை அளவுக்கு மொத்தமாக ஒரு தொகை தனியே இருக்கட்டும். எடுத்தால் நிரப்பிவிட்டுத்தான் பட்டறைப் பக்கம் போக வேண்டும். நிரம்பும் வரை பட்டறைக்கான மாதம் 66 பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். சில மாதம் தள்ளிப் போகும், அவ்வளவே.

இந்த வண்டிக்கு இவ்வளவு செலவழிப்பது தகுமா என்பதும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. பழுதுச் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடாதீர்கள். அடுத்த இரண்டு வருடத்துக்கு இந்த வண்டி கேட்கும் மொத்தச் செலவை, அதே இரண்டு வருடத்துக்கு மாற்று வண்டி கேட்கும் செலவோடு வைத்துப் பாருங்கள். பழகிய வண்டியில் எது புதிது, எது பழசு என்று உங்களுக்குத் தெரியும். வாங்கும் பழைய வண்டியின் பட்டியல் இன்னும் யாரும் எழுதாத பட்டியல். ஒரு விஷயம் மட்டும் கணக்கையே முடித்துவிடும்: சஸ்பென்ஷன் பிடிமானம் அல்லது அடிச்சட்டத்தில் துரு ஓட்டை. ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்தினால் உள்ளே போகிறதென்றால் இன்ஜினில் ஒரு காசும் போடாதீர்கள்.

வீணாகும் பணத்தில் பெரும்பகுதி, சோதிக்காமல் மாற்றும் உதிரிபாகங்களில் போகிறது. செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ் அடிக்கிறது என்று பொருள். காயில் (பிளக்குக்குப் பொறி தரும் மின்சுருள்) கெட்டது என்று பொருளல்ல. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள இன்ஜின் என்றால், இரண்டாவதன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டுங்கள். ஸ்கேனரில் அந்தப் பிழை எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0303 என்று மாறி வந்தால் காயில்தான். மாறாமல் 0302 ஆகவே நின்றால் பிளக்கை இதே மாதிரி இடம் மாற்றுங்கள். அதற்கும் நகராவிட்டால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரெஷன். காசு செலவில்லாமல் அரைமணி நேர வேலை.

பேட்டரி, ஆல்டர்னேட்டர் விஷயமும் இப்படித்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் சுமார் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.6 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால், மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பில் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் முனையில் துரு. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினால் முடிந்தது.

இந்த மல்டிமீட்டரில்தான் வண்டிச் செலவும் பட்டறைச் சேமிப்பும் ஒன்றோடொன்று சேருகின்றன. பட்டறை கட்டி முடித்தபின் வாங்கப்போகும் கருவிகளில் பாதியை வண்டி இப்போதே கேட்கிறது. ஒரு வேலையின் கூலிக்குள் அடங்கும் கருவியைப் பட்டறைக் கணக்கிலிருந்தே வாங்குங்கள். அது சேமிப்பை உடைப்பதாகாது. வரிசை இப்படி இருக்கலாம்: மல்டிமீட்டர், பிழை எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர், 8 முதல் 24 மி.மீ. வரை சாக்கெட் செட், நீளக் கைப்பிடி, தரமான ஹைட்ராலிக் ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்டு, 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை முடுக்கும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச். ஸ்பிரிங் கம்ப்ரெஸர், பேரிங் புல்லர் மாதிரி வருடத்தில் ஒரு நாள் தேவைப்படுவதை இரவலோ வாடகையோ எடுங்கள். சாக்கெட்டில் ஆறுமுனை வாங்குங்கள். பன்னிரண்டு முனை துருப்பிடித்த போல்ட்டின் தலையை உருட்டிவிடும்.

முன் பேட் மாற்றுவதை முதல் வேலையாக எடுக்கலாம். கடினமான சமதரை வேண்டும். மண் தரையானால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை. பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கி, ஸ்டாண்டில் இறக்கியபின்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பில் எந்தப் பகுதியையும் அடியில் விடாதீர்கள். அதன் சீல் ஒரு நொடியில் விட்டுவிடும். பேடுகளைப் பிடித்து அழுத்தும் காலிபரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, அதை மேலே சாய்த்துவிடுங்கள். முழுதாகக் கழற்றினால் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கினால் உள்ளே இழை அறுந்து வெளியே தெரியாது.

டிஸ்க்கின் தடிமனை அளந்து பாருங்கள். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். விளிம்பில் துரு உயர்ந்து நிற்பதால் சாதாரண வெர்னியரின் தாடை அதன் மேல் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டும். மைக்ரோமீட்டரை உள்ளே தள்ளி வைத்து அளப்பதுதான் சரி. பேட் உட்காரும் இடத்தின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். காலிபர் நகரும் இரண்டு பின்களும் விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். ஒன்று சிக்கியிருந்தால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருக்கும், அதைக் கவனிக்காமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அப்படியே தேயும். இந்தப் பின்களுக்குப் பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ்தான். சாதாரணக் கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பிஸ்டனைப் பழைய பேடை வைத்து சி-கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியப் பார்க்கும். பெயிண்ட் மேல் பட்டால் பெயிண்ட்டைக் கிளப்பிவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பின்சக்கரத்தில் மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியானால் ஸ்கேனரால் சர்வீஸ் நிலைக்குக் கொண்டு போகாமல் பிஸ்டனைத் தள்ளக் கூடாது.

மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துமுன் பெடலைப் பத்துத் தடவையாவது அழுத்துங்கள். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் அழுத்தம் தரை வரை போகும். அது தெருவில் நடக்கக் கூடாது. பிறகு காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு மிதமாக எட்டுப் பத்துத் தடவை குறைத்தால் பேட் டிஸ்க்கில் படிந்துவிடும். இருக்கும் ஒரே வண்டியில் இந்த வேலையைக் கடை மூடும் நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு போல்ட் முறிந்தால் மறுநாள் பயணம் போச்சு. முந்தைய இரவே துரு இளக்கும் ஆயில் விட்டு வையுங்கள்.

ஏர்பேக், ஏசி கேஸ், ஹைபிரிட் வண்டியின் ஆரஞ்சு நிற வயர்கள், கேஸ் சிலிண்டர் இணைப்பு, இவற்றில் கை வைக்க வேண்டாம். உதிரிபாகத்தில் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், கதவு, கண்ணாடி பழையது வாங்கலாம். பெல்ட், பிரேக் ஹோஸ், பேட், ரப்பர் சாமான் எதுவும் பழையது கூடாது.

பட்டறையைப் பொறுத்தவரை, பணம் விட்டு விட்டு வரும் என்று தெரிந்துவிட்டதால் கட்டும் வரிசையை அதற்கேற்ப மாற்றுங்கள். இடையில் நின்றாலும் கெடாததை முதலில் செய்யுங்கள். அது தரை. கூரையில்லாவிட்டாலும் நல்ல சமதரை அன்றிலிருந்தே பயன் தரும். பாதிச் சுவரோ, தகடு போடாத இரும்புச் சட்டமோ துருப்பிடித்து வீணாகும். அனுமதி வாங்க வேண்டிய இடமானால் முழுக் கட்டடத்துக்கும் சேர்த்து முதலிலேயே வாங்குங்கள்.

ஒரு கார் நின்று, இரு பக்கமும் கதவு முழுதாகத் திறந்து, முன்னால் மேசை போட 7 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் தாராளம். கெட்டித்த மண்ணுக்கு மேல் ஜல்லிப் படுகை, அதன்மேல் ஈரம் ஏறாதபடி 250 மைக்ரான் பாலிதீன் விரிப்பு, அதன்மேல் 100 மி.மீ. கான்கிரீட். 7 × 5 × 0.1 = 3.5 கன மீட்டர். சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 3.85. என்றாவது இரண்டு தூண் லிஃப்ட் வைக்கும் ஆசை இருந்தால் தூண் வரும் இரண்டு இடத்தில் மட்டும் 1.2 மீட்டர் சதுரத்துக்கு இன்னொரு 100 மி.மீ. ஆழம் தோண்டிவிடுங்கள். கூடுதல் கான்கிரீட் 0.29 கன மீட்டர்தான். பின்னால் தரையை வெட்டிப் போடுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. எத்தனை தடிமன், எந்த வலிமை என்பது லிஃப்ட்டின் மேனுவலில் இருக்கும்; வாங்கும் மாடலை முன்பே தீர்மானித்து அதன்படி போடுங்கள். கூரை உயரமும் இப்போதே தீர்மானமாக வேண்டும்: 1.8 மீட்டர் தூக்கிய 1.5 மீட்டர் காருக்கு 3.3 மீட்டர் போய்விடுகிறது, 3.5க்குக் குறையாமல் வேண்டும்.

தரையைச் சுமார் 2.5 மீட்டருக்கு ஒரு கோடாக, தடிமனில் கால் பங்கு ஆழத்துக்கு வெட்டிவிடுங்கள். கான்கிரீட் சுருங்கும்போது எப்படியும் விரிசல் விடும். கோடு போட்டால் அந்தக் கோட்டில் விடும். ஏழு நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 28 நாளுக்கு முன் ஜாக்கி வைக்காதீர்கள். லிஃப்ட்டுக்குப் பணம் வராது என்று, வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யப் பள்ளம் தோண்டும் யோசனை வந்தால் கைவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. பள்ளத்தில் இறங்கித் தேங்கும், ஒரு பொறி போதும்.

மின்சாரத்தில் இப்போது செய்ய வேண்டியது குழாய் மட்டும். வயர், போர்டு எல்லாம் பணம் வரும்போது வரட்டும். இரண்டு குதிரைத்திறன் கம்ப்ரெஸர் ஓடும்போது ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். கிளம்பும் நொடியில் பல மடங்கு. அதற்கும் வெல்டிங்குக்கும் தனித்தனி இணைப்பு வேண்டும், விளக்குக்கு இன்னொன்று. கிரைண்டர் சுற்றும்போது பிரேக்கர் விழுந்தால் வெளிச்சமும் சேர்ந்து போய்விடக் கூடாது. பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் கட்டாயம், பிளக் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில். ஆக, கான்கிரீட் ஊற்றுமுன் மீட்டர் பக்கத்திலிருந்து மேசை வரும் சுவர் வரை மூன்று குழாயும் உபரியாக இன்னொன்றும் பதியுங்கள். வளைவுகளில் கூர்மையான எல்போ வேண்டாம், நீண்ட வளைவு போடுங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நைலான் கயிற்றை ஓடவிட்டு, இரு முனையையும் வெளியே முடிச்சுப் போட்டு, வாயை மூடியால் அடைத்த பிறகு கான்கிரீட் வண்டியை வரச் சொல்லுங்கள்.